நின்றே கேட்டவர்

சேலத்தில், வீட்டில் அடிபடும் பெண்கள் உதவி கேட்டு அழைக்கும் தொலைபேசி மையம் ஒன்றில் அவரைச் சந்தித்தேன். அழைப்புகளைப் பதிவுசெய்து, எந்த நேரத்துக்கு எத்தனை பேர் பணியில் வேண்டும் என்று வகுக்கும் மென்பொருளை அங்கே நிறுவவிருந்தார்கள். பழைய பதிவுகளில் வரும் கொங்குச் சொற்களுக்குப் பொருளும், ஒவ்வொரு அழைப்பும் எதற்கானது என்பதும் குறித்துத் தர, வேற்றூர்த் தமிழாசிரியரான என்னை அழைத்திருந்தார்கள். அவர் மேற்பார்வையாளர், ஒல்லியான உடல், திருச்செங்கோட்டுப் பேச்சு. எந்தப் பதிவையும் அவர் உட்கார்ந்து கேட்டதில்லை.

ஒரு பதிவில் கட்டையால் அடிக்கும் ஓசை விடாமல் கேட்டது. எலும்பு முறிந்ததுபோல் ஒரு சத்தம். மையத்தின் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல், “சாமி, சாமி” என்று ஒரு பெண் அலறினாள்.

பதிகங்களில் ஊறிய என் செவி இறைவனையே கேட்டது. ‘பிரார்த்தனை’ என்று குறித்தேன். ‘உதவி’ என்று குறிக்காத அழைப்புகளை மென்பொருள் அழித்துவிடும். அந்த நேரத்துக்கு ஆளும் ஒதுக்காது.

பக்கத்தில் நின்றிருந்த மேற்பார்வையாளர் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். “இன்னொருக்கா கேளுங்க சாமி.”

கேட்டேன். அடிகளுக்கு நடுவே, “ஓடிப்போயிரு சாமி” என்றாள். சின்னக் காலடிகள் தடதடத்தன.

“புள்ளையச் சொல்றாங்க. நானும் உங்களச் சாமீன்னுதானுங்க கூப்புடறேன். நீங்க கடவுளுங்களா?”

எழுதியதை அடித்துவிட்டு ‘உதவி’ என்று எழுதினேன்.

அவர் ஏன் உட்காருவதில்லை என்று நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் பூசையில் ‘சாமி’ என்று வாய் திறந்ததும் எழுந்து நின்றுவிடுகிறேன். இறைவனுக்காகவா, அந்தப் பிள்ளைக்காகவா என்று தெரியவில்லை.