லூசியன் லீவில் இருந்தபோது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, ஆவி இதிலெல்லாம் துளிகூட நம்பிக்கை கிடையாது. காரைக்காலில் எங்கள் தெருக்கோடிப் புளியமரத்தில் முனி இருக்கிறது என்று ஊரே சுற்றிக்கொண்டு போகும், நான் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து புளியம்பழம் பொறுக்கித் தின்றவன். அதனால் ஏதோ பயந்தாங்கொள்ளி உளறுகிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை.

எழுபதுகளில் நான் அபுதாபியில் மொழிபெயர்ப்பாளன். ஒரு பிரெஞ்சுக் கம்பெனியும் ஒரு அமெரிக்கக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து எண்ணெய் தேட வந்திருந்தன, அல் ஐனுக்குத் தெற்கே நடுப் பாலைவனத்தில் கேம்ப். பிரெஞ்சுக்காரர்களுக்கு இங்கிலீஷ் வராது. அமெரிக்கர்களுக்குப் பிரெஞ்சு வராது, வரவில்லையே என்ற கவலையும் கிடையாது. காரைக்கால்காரனுக்கு இரண்டும் வரும், அதனால் என்னைப் பிடித்து நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். பிரான்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் குடித்தனம் நடத்துகிறேன் என்று ஊருக்குப் போனால் பீற்றிக்கொள்வேன், அப்போது அந்த இரண்டு நாட்டையும் நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

எனக்கு வாய்த்தவர்கள் இரண்டு பேர். லூசியன் சர்வேயர், நெட்டையான பிரெஞ்சுக்காரர், தாடி வைத்தவர், என் மனைவி கொடுத்தனுப்பும் நார்த்தங்காய் ஊறுகாயை ரொட்டியில் தடவித் தின்பார். வால்ட்டர் அமெரிக்கர், கேம்பில் எல்லா வண்டிக்கும் இயந்திரத்துக்கும் அவர்தான் பொறுப்பு. இவர் காப்பியை அவர் கழுநீர் என்பார், அவர் காப்பியை இவர் தார் என்பார், கடைசியில் இரண்டு பேரும் என் அறைக்கு வந்து நான் போடும் காப்பியைக் குடிப்பார்கள். சண்டை இல்லாத நாள் கிடையாது, ஆனால் ஒருவரை விட்டு ஒருவர் சாப்பிடவும் மாட்டார்கள். அந்தச் சிநேகம் நிலைத்ததற்கு நான்தான் காரணம் என்று தைரியமாகச் சொல்வேன். "அந்தக் கழுதையிடம் சொல்லு" என்று இவர் ஆரம்பித்தால், "நண்பர் என்ன சொல்கிறார் என்றால்" என்றுதான் நான் ஆரம்பிப்பேன். பொய் சொன்னதில்லை, காரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பரிமாறுவேன், அவ்வளவுதான்.

வண்டியில் எங்களுக்கென்று இடம் உண்டு. வால்ட்டர் ஓட்டுவார், நான் பக்கத்தில், லூசியன் பின்சீட்டில் நட்ட நடுவில். பாலைவனத்தில் பாதை என்று ஒன்று கிடையாது, எந்த மணல்மேட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது லூசியனுக்குத்தான் தெரியும். முதலில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ச்சொ' என்று ஒரு சத்தம், அப்புறம் வழி சொல்வார், கூடவே வால்ட்டர் ஓட்டும் லட்சணத்துக்கு ஒரு வசவு. நான் திரும்பிப் பார்க்காமலே அதை இங்கிலீஷில் சொல்லுவேன். பின்னாலிருந்து பிரெஞ்சு வரும், என் வாய் வழியாக இங்கிலீஷாகப் போகும். வருஷக்கணக்கில் இதே வேலை, காது கேட்டதும் வாய் பேசிவிடும், நடுவில் மூளைக்கு வேலையே இல்லை.

அந்தக் கோடையில் இரண்டு பேருக்கும் நிஜமாகவே முறிந்துவிட்டது. லூசியன் நாள்கணக்கில் வெயிலில் நின்று அளந்து நட்ட குச்சிகளை வால்ட்டர் பார்க்காமல் புல்டோசரை விட்டு நசுக்கிவிட்டார். "இந்த ஜென்மத்தில் இவன் ஓட்டுகிற வண்டியில் நான் ஏற மாட்டேன், சொல்லு" என்றார் லூசியன். "களைப்பாக இருக்கிறாராம், லீவுக்கு நேரமாகிவிட்டது" என்று நான் சொன்னேன். வால்ட்டர் என் முகத்தைப் பார்த்தார், லூசியன் முகத்தைப் பார்த்தார். மறுநாள் லூசியன் வேறொரு வண்டியில் ஏறி அபுதாபி போய், அங்கிருந்து விமானத்தில் பிரான்ஸுக்குப் போய்விட்டார். வால்ட்டருக்கு ஒரு கையசைப்புகூட இல்லை. அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை, எனக்குத் தெரியும்.

லூசியன் போய்ப் பத்து நாள் இருக்கும். கேம்பில் முருகையன் என்று ஒருவன், மன்னார்குடிப் பக்கம், குழாய் தூக்கும் வேலை. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். கம்பவுண்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, குடல்வால் போலத் தெரிகிறது, உள்ளே வெடித்தால் ஆள் தங்காது, அல் ஐன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்றார். வெளியே காற்று ஆரம்பித்திருந்தது. மணற்காற்றில் விமானமும் வராது. வழி தெரிந்த லூசியன் பிரான்ஸில். வால்ட்டர் சாவியை எடுத்தார், நான் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினேன், முருகையனைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம்.

"அண்ணே, எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க அண்ணே" என்றான்.

"வாய மூடிக்கிட்டு படுடா, சாயங்காலம் ஆஸ்பத்திரியில கஞ்சி குடிப்ப" என்றேன். அதட்டலாகத்தான் சொன்னேன்.

பாதி தூரம் பழைய சக்கரத் தடம் இருந்தது, அப்புறம் காற்று அதையும் துடைத்துவிட்டது. பட்டப்பகலில் உலகம் முழுக்க மஞ்சள், வண்டி மூக்குக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் உப்புத் தரை வேறு, மேலே பார்த்தால் ஓடு போலக் கெட்டியாக இருக்கும், சக்கரம் ஏறினால் கீழே சேறு, அச்சு வரை முழுங்கிவிடும். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தரையைப் பார்ப்பதும், ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைப்பதுமாக இருந்தேன். பின்னால் முருகையன் முனகல் நின்றுவிட்டது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அப்போதுதான் 'ச்சொ' என்று கேட்டது.

"வலது பக்கம். வலது! இந்த மனுஷனுக்கு இருப்பது கண்ணா, முகத்தில் தைத்த பொத்தானா?"

"வலது பக்கம் போகலாமாம்" என்றேன் நான் இங்கிலீஷில். வால்ட்டர் ஒடித்தார்.

நம்புங்கள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் அடுப்படியிலிருந்து குரல் வந்தால் யார் என்று எழுந்து போயா பார்க்கிறோம்? பின்னாலிருந்து வழி வந்தது, நான் சொன்னேன், அவர் ஓட்டினார். மேடு வருகிறது, வேகத்தைக் கூட்டு. இங்கே நிறுத்தாதே, நிறுத்தினால் புதைந்தாய். தரை தாங்குமா என்று கேள் என்றார் வால்ட்டர், நான் பிரெஞ்சில் கேட்டேன். "இடது சக்கரம் உப்பில் இறங்கினால் மூன்று பேரும் இங்கேயே ஊறுகாய்தான்" என்று பதில் வந்தது. மூன்று பேர் என்றுதான் சொன்னார், நான்கு என்று சொல்லவில்லை, இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

கொஞ்சம் காற்று தணிந்த மாதிரி இருந்த ஒரு இடத்தில் வால்ட்டர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, மெதுவாக, "அந்தக் குச்சி விஷயத்தில் இன்னும் என் மேல் கோபமா என்று கேள்" என்றார். நான் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. சாகக் கிடக்கிறவனை வைத்துக்கொண்டு இதைக் கேட்டால் அந்த மனுஷன் மறுபடி ஆரம்பித்துவிடுவார், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசிக்கொள்ளட்டும் என்று முழுங்கிவிட்டேன். பின்னாலும் பதில் இல்லை. அப்புறம் 'ச்சொ', இடது பக்கம், அதற்கப்புறம் பேரீச்ச மரங்கள், அல் ஐன்.

ஆஸ்பத்திரி வாசலில் முருகையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வால்ட்டர் வண்டியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகத் தன் பக்கத்துப் பின்கதவைத் திறந்தார், கை கொடுக்கப் போகிற மாதிரி. திறந்தவர் அப்படியே நின்றார். சீட்டில் மணல்தான் இருந்தது.

"லூசியன் எங்கே?" என்று கேட்டார்.

"பிரான்ஸில்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதுக்கே கேட்டது. அந்த வெயிலில் எனக்குப் பல் கிட்டியது.

வால்ட்டரும் குரலைக் கேட்டிருக்கிறார். வார்த்தை புரியவில்லை, ஆனால் அந்த முணுமுணுப்பு, அந்த 'ச்சொ', எல்லாம் கேட்டிருக்கிறார். முருகையன் ஜுரத்தில் உளறியிருப்பான் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் போய்ப் பார்த்தேன்.

"அந்தத் தாடிக்கார தொர நல்லாருக்கணும் அண்ணே" என்றான் அவன். "வழி பூரா என் தலைய மடியில வச்சிருந்தாரு. கைய நெத்திய விட்டு எடுக்கவே இல்ல."

அவனுக்குப் பிரெஞ்சு என்று ஒரு பாஷை இருப்பதே தெரியாது. நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன், பிழைத்து எழுந்தவனிடம் என்னத்தைச் சொல்வது?

லூசியன் செத்திருப்பார், ஆவி வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வால்ட்டர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, தலைமை ஆபீஸுக்கு ரேடியோவில் கேட்டுக் கேட்டு, பாரீஸிலிருந்து ஆள் கல்லுக்குண்டாக இருக்கிறார், அடுத்த வாரம் வருகிறார் என்று பதில் வந்த பிறகுதான் சாப்பிட்டார். நடந்ததை லூசியனிடம் சொல்லக்கூடாது என்று எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். முருகையனும் அதற்குள் ஊருக்குப் போய்விட்டான்.

விமான நிலையத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். லூசியன் பெட்டியோடு வெளியே வந்தார். வால்ட்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாத்தியார் முன்னால் நிற்கிற மாணவன் போல நின்றார். லூசியன் நேராக அவரிடம் போனார், வணக்கம் இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை, பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னார், "இல்லை. கோபம் இல்லை. குச்சி போனால் போகட்டும், வேறு நட்டுக்கொள்ளலாம்."

பிறகு பின்சீட்டில் ஏறி, நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

நான் அதை வால்ட்டருக்கு மொழிபெயர்த்தேன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல். வால்ட்டர் அழுதுவிட்டார். அவருக்கு அது போதும், கேட்டார், பதில் வந்தது. எனக்கல்லவா தெரியும், அந்தக் கேள்வியை நான் லூசியனிடம் கேட்கவே இல்லை! அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் சொல்லவில்லை, அப்படியானால் யார் சொன்னது? ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று லூசியனைத் தனியாகக் கேட்டேன். "கேட்டான், சொன்னேன்" என்றார். எப்போது கேட்டார் என்றதற்குக் கொஞ்சம் யோசித்தார், நெற்றியைத் தேய்த்தார், தெரியவில்லையே என்று விட்டுவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். வருஷங்கள் போயின, வேலையை விட்டோம், என் மகன் பாரீஸில் குடியேறினான். அவனைப் பார்க்கப் போனபோது ரயில் ஏறி லூசியன் கிராமத்துக்குப் போனேன். வால்ட்டர் ஒவ்வொரு கோடைக்கும் அமெரிக்காவிலிருந்து அங்கே வந்துவிடுவார் என்றும், குளிர்காலத்தில் லூசியன் அமெரிக்கா போய்விடுவார் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். சொல்லாமல் போய் ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைப்பு.

வாசல் கதவருகே நின்றே பார்த்தேன். தோட்டத்தில் மூன்று நாற்காலி, இந்தப் பக்கம் லூசியன், அந்தப் பக்கம் வால்ட்டர், நடுவில் ஒன்று காலி. பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார், சொல்லிவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள், நான் மொழிபெயர்க்கும்போது இருப்பார்களே, அதே அளவு நேரம். அப்புறம் வால்ட்டர் சிரித்துவிட்டு இங்கிலீஷில் பதில் சொன்னார், பொருத்தமான பதில். மறுபடி அந்த மௌனம். அப்புறம் இவர்.

என்னைப் பார்த்ததும் இரண்டு கிழவர்களும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். "உட்காரு, உட்காரு" என்றார் லூசியன். நான் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபடி நின்றேன். அவரும் அதைப் பார்த்தார், வால்ட்டரும் பார்த்தார், இரண்டு பேருக்கும் அது ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. லூசியன் வீட்டுக்குள் போய் எனக்கென்று இன்னொரு நாற்காலி எடுத்துக்கொண்டு வந்தார்.