கழற்றிய கதவுகள்

துருவேறிய கதவுப் பிணைச்சல்களில் மண்ணெண்ணெய் ஊறும்போது ஒரு மணம் எழும். இரும்பும் எண்ணெயும் பழைய மரத்தூளும் கலந்த அந்த மணம், எனக்குப் பதினொரு வயதான ஆண்டின் ஆனி மாதத்தில் மூன்று நாட்கள் எங்கள் வீடு முழுவதும் நிறைந்து கிடந்தது. திருகோணமலையில் சண்டை மறுபடியும் தொடங்கியிருந்தது. எங்கள் ஒழுங்கையின், அந்த ஒடுக்கமான தெருவின், சனங்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா மட்டும் ஒரு முக்காலியில் ஏறி நின்று வீட்டின் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்த வீடு, உட்துறைமுகத்துக்கு இறங்கும் ஒழுங்கையின் நடுவில், கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு என் பூட்டன், அதாவது அப்பாவின் தாத்தா, கட்டியது. அவர் வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். உடைத்து விற்கப்பட்ட ஒரு கப்பலின் தளப்பலகைகளை வாங்கித்தான் பதினொரு சோடிக் கதவுகளையும் செய்வித்தார் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கதை. அதனால் அவற்றைக் 'கப்பல் கதவு' என்றே சொல்வோம். காதை வைத்தால் கடல் கேட்கும் என்று அக்கா என்னை ஏமாற்றியிருக்கிறாள். நானும் நம்பிக் காதை வைத்திருக்கிறேன், கேட்டதாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அப்பாவுக்குக் கதவுகளில் இருந்த பற்றைவிட, அவை களவு போனால் வீட்டுக்கு என்ன ஆகும் என்ற பயமே பெரிது. முந்திய குழப்பத்தின்போது இரண்டு வீடு தள்ளி இருந்தவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் இரண்டு மாதத்தில் திரும்பினார்கள். கதவும் இல்லை, யன்னலும் இல்லை, அவற்றைத் தாங்கிய நிலைகளையும் யாரோ அலவாங்கு போட்டுப் பெயர்த்திருந்தார்கள். அடுத்த மாரியில் அந்தச் சுவர்கள் கரைந்து சரிந்ததை நாங்கள் எங்கள் வேலிக்குள் நின்று பார்த்தோம். "கதவுக்கு வாறவன் நிலையையும் பெயர்ப்பான். நிலை போனா சுவர் நிக்காது. கதவே இல்லாட்டி அவன் பேசாமல் திரும்பிப் போயிடுவான்," என்றார் அப்பா. துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்தவர் ஆனதால் எதையும் இலக்கமிடாமல் அவரால் அடுக்கவே முடியாது. ஒவ்வொரு கதவின் மேல்விளிம்பிலும் அதற்குரிய நிலையிலும் உளியால் ஒரே எண்ணைக் கொத்தினார்.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை.

"சனம் முழுக்க வெளிக்கிட்டிட்டுது. உங்களுக்கு ஆக்களை விடக் கதவோ பெரிசு?"

"இன்னும் ரெண்டு நாள். ரெண்டே ரெண்டு நாள்," என்றார் அப்பா, முக்காலியை விட்டு இறங்காமலே.

அந்த நாட்களில் அம்மா ஓரிடத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை. விறாந்தைக்கும் குசினிக்கும் நடந்தார். கட்டிய மூட்டையை அவிழ்த்து எதையோ எடுத்து, அதையே திரும்ப வைத்துக் கட்டினார். ஒழுங்கை முனைவரை போய் யாரையோ விசாரித்துவிட்டு, கேட்டதைச் சொல்லாமல் வந்தார். கதவில்லாத வீடும் அவரைப்போலவே அடங்காமல் கிடந்தது. தென்மேற்கின் கச்சான் காற்று முன்வாசலால் புகுந்து பின்வாசலால் போக, கலண்டர் தாள்கள் படபடவென்று அடித்தன. யாருடையதோ ஓர் ஆடு சாமியறைவரை வந்து நின்றது. பதினேழு வயதான அக்கா, அலுமாரிக்குப் பின்னால் நின்று உடுப்பு மாற்ற, நான் ஒரு போர்வையை விரித்துப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிபோல, துவக்குகளோடு நான்கு பேர் உள்ளே வந்தார்கள். தட்டுவதற்குக் கதவில்லை, கூப்பிடவும் இல்லை. எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. விறாந்தையில் ஏறி, நடு அறையைக் கடந்து, அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்த குசினிவரை நடந்தார்கள். ஒருவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். சுளகு அக்காவின் கையில் அப்படியே அசையாமல் நின்றது. பிறகு பின்வாசலால் இறங்கிப் போனார்கள். அப்பா முக்காலியின் மேல் கடைசி யன்னல் கதவைப் பிடித்தபடி, இறங்கவும் மாட்டாமல் கத்தவும் மாட்டாமல் நின்றார்.

அவர்கள் போனபின் அம்மா அவரிடம் வந்து, மிகவும் மெதுவாக, "இஞ்சேருங்கோ, இனி எனக்கு இந்த வீட்டில ஒரு நிமிசமும் இருக்க ஏலாது," என்றார்.

அன்று பிற்பகலே ஹனீபா காக்காவின் டிரக்டர் வந்தது. அவர் அப்பாவின் பழைய சிநேகிதர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நாங்களும் அவரைக் 'காக்கா' என்போம். குறிஞ்சாக்கேணியில் 'மரக்காலை' வைத்திருந்தார். அறுத்த மரங்களை அடுக்கி விற்கும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். டிரக்டர் பெட்டியில் கதவுகளை அடுக்கி, அவற்றின் மேல் எங்களை இருத்தி, கிண்ணியாவுக்கு நீரைக் கடக்கும் 'பாதை'யில், அந்தப் பெரிய மிதவையில், ஏற்றிக் கொண்டுபோனார். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய சொந்தக்காரர் ஒருவர், "இந்த நேரத்தில இதெல்லாம் உங்களுக்கு என்னத்துக்குக் காக்கா?" என்று கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது.

"என்ட மரக்காலையில கிடந்தா அது மரம். ஆர்ர கதவெண்டு அதில எழுதியா கிடக்கு?" என்றார் ஹனீபா காக்கா.

எழுதித்தான் கிடந்தது. அப்பா கொத்திய எண்களின் மேல் அவர் இரண்டு கடகம் மரத்தூளைக் கொட்டி மூடினார்.

மரக்காலைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் எட்டு மாதம் இருந்தோம். அந்த எட்டு மாதமும் அக்கா பகலிலும் அறையை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஏன் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

அப்பா சொன்னது பலித்தது. திரும்பி வந்தபோது நிலைகள் எல்லாம் நின்றன, சுவர்கள் நின்றன, கூரையும் பெரும்பாலும் இருந்தது. ஆனால் வீடு வெறுமையாக இருக்கவில்லை. வாசல்களில் சாக்குகள் தொங்கின. மூதூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த தங்கேஸ் என்ற பெண்ணும் அவளுடைய இரண்டு மகள்மாரும் உள்ளே இருந்தார்கள். அவளுடைய கணவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லையாம். டிரக்டர் நிறையக் கதவுகளைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"நாங்கள் போயிடுறம் ஐயா. பின்னேரம் மட்டும் பொறுங்கோ," என்றபடி பாய்களைச் சுருட்டத் தொடங்கினாள்.

அப்பா டிரக்டரடியிலேயே நின்றார். அம்மாதான் உள்ளே போனார். நடு அறைக்கு அப்பால், அந்தப் பிள்ளைகள் படுக்கிற அறையின் வாசலில் தொங்கிய சாக்கைக் கையால் விலக்கிப் பார்த்தார். காற்றில் விலகாமலிருக்க அதன் கீழ்விளிம்பில் இரண்டு செங்கல்லைக் கட்டியிருந்தார்கள். அம்மா குனிந்து அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"பாயை வையுங்கோ. எங்க போகப் போறியள்?" என்று தங்கேஸிடம் சொல்லிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார். "முதல் அந்தப் பிள்ளையளின்ர அறைக்குப் போடுங்கோ. மற்றதுகளைப் பிறகு பாப்பம்."

அப்பா குவியலுக்குள் ஏழாம் எண்ணைத் தேடி எடுத்து அந்த அறையின் நிலையில் பொருத்திப் பூட்டினார். அது முன்பு அக்காவும் நானும் படுத்த அறை. அக்கா கேற்றடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது எனக்கே நாற்பது வயதுக்குப் பிறகுதான் தோன்றியது.

தங்கேஸ் குடும்பம் இரண்டு வருடங்களுக்கு மேல் எங்களோடு இருந்தது. அக்காவும் நானும் நடு அறையில் படுத்தோம். அந்த அறைக்குப் பூட்டன் காலத்திலிருந்தே கதவில்லை. எல்லாரும் குறுக்கே நடக்கிற வழி அது. முதலில் கிடைத்த வாய்ப்பில் அக்கா கொழும்புக்குப் படிக்கப் போனாள், அங்கிருந்து கனடாவுக்கு.

கடல் பொங்கி வந்த மார்கழியில் ஹனீபா காக்காவின் மகள் வீடு கதவு யன்னலோடு போய்விட்டது. அப்போது அப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல். ஒருவரிடமும் கேட்காமல் இரண்டு சோடிக் கதவுகளைக் கழற்றிக் குறிஞ்சாக்கேணிக்கு ஏற்றிவிட்டார். அவை இன்றும் அங்கே பச்சை வர்ணம் பூசப்பட்டு நிற்கின்றன. மற்ற ஒன்பது சோடியும் என்னிடம் இருக்கின்றன. போன வருடம் திருத்தவேலைக்கு வந்த தச்சர் ஒரு கதவை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது கப்பல் மரமில்லை அக்கா, எங்கட காட்டு முதிரை," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதைச் சொல்ல அப்பா இல்லையே என்றும் இருந்தது. நிலாவெளி ஹோட்டல்களுக்குப் பழைய கதவுகள் வாங்குகிற ஒருவர் மாதத்துக்கொரு முறை வருகிறார். எந்த மரமானாலும் அவருக்குச் சரிதானாம்.

இந்த ஆடியில் அக்கா முப்பது வருடங்களுக்குப் பிறகு வந்தாள். நிலாவெளியில் அறை எடுத்துத் தங்கினாள். வீட்டுக்கு ஒரு நாள் காலையில் மட்டும் வந்து, முற்றத்து வேம்பின் கீழ் நான் போட்ட கதிரையில் இருந்தாள். உள்ளே வா என்று மூன்று முறை கூப்பிட்டேன்.

"நீ கோவிக்காதை," என்றாள் கடைசியில். "அப்பா இந்த வீட்டைக் காப்பாத்தினவர்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா எனக்கு வீடெண்டு நினைச்சா அந்த மூண்டு நாள்தான் வருது. அதுக்குப் பிறகு எனக்கெண்டு ஒரு கதவு இஞ்ச பூட்டுப்படவே இல்லை."

என்னிடம் சொல்ல இருந்தது எதுவும் அவளுக்கு உதவாது. அவள் தன் பங்கை எனக்கு எழுதிய பத்திரத்தை மடியில் வைத்துக் கையெழுத்திட்டாள். விற்கவேண்டும் என்று இத்தனை வருடம் தொலைபேசியில் வாதாடியவள், அன்று அந்தக் கதையை எடுக்கவே இல்லை.

கிண்ணியாவுக்குப் பாலம் வந்தபின் 'பாதை' இல்லை. மரக்காலை இருந்த இடத்தில் கடைகள் எழும்பிவிட்டன. எங்கள் ஒழுங்கையில் பழைய சுவரோடு நிற்பது எங்கள் வீடு ஒன்றுதான். மற்றவை எல்லாம் மாடி வைத்த விடுதிகள். ஹனீபா காக்காவும் அம்மாவும் அப்பாவும் இல்லை. தங்கேஸ் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துப் பார்த்தேன், தெரியவில்லை. இதையெல்லாம் எண்ணிக்கொண்டு நான் அறை அறையாக நடந்துகொண்டிருந்தபோது, விமான நிலையத்திலிருந்து அக்கா தொலைபேசி எடுத்தாள். போய்ச் சேர்ந்ததும் எடுக்கிறேன் என்றாள். வைக்கப்போனவள் வைக்காமல் சொன்னாள்:

"மாரிக்கு முன்னம் ஓடுகளை மாத்திப் போடு, என்ன. மேற்குப் பக்கம் நாலஞ்சு உடைஞ்சு கிடக்கு. முற்றத்தில இருக்கேக்க நான் பாத்தனான்."