பொழுதுபட்டபிறகு குடிக்காத தண்ணீர்

எழுத எனக்குக் கூச்சம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்தும் கோணல், நடந்ததும் இடையிடையே மறந்துபோகும். குறை நினையாதேங்கோ.

என் மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோனது. அதனால் இந்த முறை ஆர் என்ன சொன்னாலும் தலையாட்டினாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி பொழுதுபட்டால் பின்வளவுக்குப் போகக்கூடாது, பேய் அண்டும் என்பார்கள். அவள் வாழ்கிற வீட்டிலோ கக்கூசு பின்வளவில், புளியமரத்தையும் தாண்டி. "இருட்டுக்கை இறங்காதை பிள்ளை" என்று அவளின் மாமி, புருஷனின் தாய், ஒவ்வொரு நாளும் சொல்லுவா. அவவும் பேரப்பிள்ளைக்கு ஏங்கினவதான்.

போன கிழமை மகளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. விலாவும் நொந்தது. விடியும்போது வயிறு கல்லுமாதிரி இறுகத் தொடங்கிவிட்டது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினோம்.

டொக்டர் சின்ன வயதுப் பெண்பிள்ளை. சலம் எடுக்கச் சொல்லி, அந்தச் சிறுநீரைச் சோதித்துவிட்டு, கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்றா.

"தண்ணி குடிக்கிறேல்லையோ?"

மகள் சுவரைப் பார்த்தாள். "பின்னேரத்துக்குப் பிறகு குடிக்கிறேல்லை. குடிச்சால் வெளியிலை போகவேணும். அப்பிடியும் வந்தால் விடியுமட்டும் அடக்கிக்கொண்டு படுப்பன்."

"படிச்ச பிள்ளை, பேய்க்குப் பயமோ?"

"பேயைச் சமாளிக்கலாம் டொக்டர். இதுவும் போனால் மாமியின்ரை வாயை ஆர் சமாளிக்கிறது?"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டா. என் மகள் சிரிக்கவில்லை, வயிற்றைப் பொத்தியபடி கிடந்தாள்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. டொக்டர் வெளிக்கிடும்போது சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு மெல்லக் கேட்டேன். "பிள்ளை, கிருமி சலத்திலைதானே. கர்ப்பப்பை ஏன் இறுகுது?"

அவ நின்றா. "உடம்பிலை காவல் இருக்கு அம்மா. பிறவியிலையே இருக்கிற காவல். கிருமியின்ரை மேல்தோல் தட்டுப்பட்டாலே ஆள் பிழையெண்டு கண்டுபிடிச்சிடும். கர்ப்பப்பையிலையும் இளங்கொடி எண்ட நஞ்சுக்கொடியிலையும்கூட இருக்கு. அதுகள்தான் பிள்ளையையும் காக்கிறது. ஆனால் அந்தக் காவல் கனக்கக் கத்தினால் உடம்பெல்லாம் பதறும். அந்தப் பதட்டத்திலை கர்ப்பப்பையும் இறுகிப் பிள்ளைப்பேற்று நோ வந்திடும்."

"கள்ளன் ஒரு வளவிலை, நாய் குலைச்சு ஊரே எழும்பினமாதிரியோ?"

"ஓம் அம்மா, உதுதான்."

காக்க வந்ததே பிள்ளையை நேரத்துக்கு முந்தி வெளியே தள்ளப் பார்க்கிறது.

சேலைனோடு மருந்து ஏற்றினார்கள். முந்திப் பிறந்தாலும் மூச்சு விடவேணும் என்று, பிள்ளையின் நுரையீரலுக்கும் ஊசி போட்டார்கள். பின்னேரம் மாமி சுடுதண்ணிப் போத்தலோடு வந்தா. "குடி பிள்ளை, குடி" என்று கோப்பையைப் பிடித்துக்கொண்டே நின்றா. பிறகு வாட்டு வாசலில் என்னைக் கேட்டா, "நான் சொன்னதாலையோ?" அவவின் கையைப் பிடித்தேன், அவ்வளவுதான்.

இப்போது காய்ச்சல் இல்லை. வயிறு மட்டும் இடைக்கிடை இறுகுகிறது. கிருமி செத்தாலும் காவல் உடனே அடங்காது என்று டொக்டர் சொன்னதாக ஞாபகம். நான் பிழையாய்க் கேட்டேனோ தெரியாது. விளக்கமான ஆராவது இதைப் பார்த்துத் திருத்திவிடுங்கோ. அது அடங்கிறதுக்கு எவ்வளவு நாள் செல்லும் என்று தெரிந்தால், அதையும் சொல்லுங்கோ.