பனியாற்று ஓவியத்தின் காவலர்

அறுபதுகளின் கடைசியில் மியூனிக்கில் படித்தபோது ஞாயிறுதோறும் ஓர் ஓவியக்கூடத்துக்குப் போவேன். உறைந்த ஆற்றையும் பனி மூடிய அதன் கரையையும் காட்டும் இம்ப்ரெஷனிச ஓவியம் ஒன்று அங்கே இருந்தது. அந்த அறையின் காவலர் ஒல்லியான, நரைத்த மனிதர். அந்த ஓவியத்தைக் கடக்கும்போதெல்லாம் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்வார்.

"இங்கே கதகதப்பாத்தானே இருக்கு?" என்று ஒருநாள் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன்.

"போர் நேரத்துல, ரஷ்யாவுல இப்படி உறைஞ்ச ஆறு ஒண்ணைக் கடந்தோம். எனக்குப் பின்னால வந்த என் சொந்தத் தம்பியோட காலுக்குக் கீழே பனிக்கட்டி உடைஞ்சிடுச்சு" என்றார்.

"நீங்க வேற அறை கேக்கலாமே?"

"கேட்டா கொடுப்பாங்க. அவனைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"

ஓவியத்தில் மனிதர் ஒருவர்கூட இல்லை. இருந்தாலும், அன்று வெகுநேரம் அந்த ஆற்றையே பார்த்தபடி அவர் பக்கத்தில் நின்றிருந்தேன்.