கார்த்திகை மாதத்துப் பின்சீட்டு

ஒரு மோட்டார் சைக்கிளின் பின்சீட்டு காலியாக இருப்பதை வைத்தே ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட ஒரு தெருவால் முடியுமா? முடியும் என்று தாராவியில் எங்கள் சந்து எனக்குக் காட்டியது. அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு பூசணிக்காய்.

வண்டி என்னுடையது. பின்சீட்டு தம்பியுடையது. எனக்கும் தம்பிக்கும் ஐரோலியில் வேலை. எனக்கு ஓர் அலுவலகத்தில். அவனுக்கு அதே பக்கம் ஒரு லேத் பட்டறையில். சயானில் ஹைவே ஏறி, செம்பூரை ஓரமாகக் கடந்து, கடற்கழியின் மேல் போகும் பாலத்தைத் தாண்டினால் ஐரோலி. மழைக்காலத்தில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவது தண்டனை என்பதால், குளிர்காலம் வந்தால் எனக்கு யோகம் என்று உடன் வேலை செய்பவர்கள் நினைக்கிறார்கள். மும்பையின் குளிர் பாலத்தின் மேல் மட்டுமே கிடைக்கிறது. மற்ற இடங்களில் அந்த மாதங்களில் கிடைப்பது புகைமூட்டமும் கட்டடத் தூசியும்தான். ஹெல்மெட்டின் கண்ணாடியைச் செம்பூர் வருவதற்குள் ஒருமுறையும் பாலத்துக்கு முன்பு ஒருமுறையும் துடைக்க வேண்டும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது வேறு. கார்த்திகை பிறந்ததும் தம்பி ஐயப்பனுக்கு மாலை போடுவான். அன்று முதல் அவன் எனக்குத் தம்பி அல்ல, சாமி. கறுப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றி நிறையச் சந்தனம். அம்மாவே அவனை ‘வாங்க சாமி’ என்பாள். ஒரு தம்பியைத் திட்டுவதற்குத் தமிழில் எத்தனையோ வழி உண்டு. ‘சாமி’ என்று தொடங்கும் வாக்கியத்தை வசையில் கொண்டுபோய் முடிக்க மட்டும் வழியில்லை.

மாலை போட்டவர்கள் எல்லோரும் இரவில் சந்து முனையில் போட்டிருக்கும் பந்தலிலேயே படுத்துக்கொள்வார்கள். ஆகவே ஒரே அறை கொண்ட எங்கள் வீட்டில் எனக்கு மாதவிலக்கு வந்தாலும் அது வெளியே தெரிய வழியில்லை. தெரியும் இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த நாள்களில் அவன் என் வண்டியில் ஏறமாட்டான். எனக்கு அந்தத் தீட்டில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவனுக்கு இருக்கிறது. மறைத்துவைத்து அவன் விரதத்தை முறிப்பதும் ஒரு வகை வன்முறை என்றே எனக்குப் பட்டது. எனவே காலையில் ‘இன்னிக்கு பஸ்’ என்று அவன் போனுக்கு ஒரு வரி அனுப்புவேன். அவன் வெறுங்காலோடு சயான் பக்கம் நடப்பான்; நான் காலிப் பின்சீட்டோடு அவனைக் கடந்து போவேன். இருபுறமும் பல் தேய்த்துக்கொண்டு சந்து பார்த்திருக்கும்.

பார்த்ததோடு நிற்கவில்லை, கணக்கும் வைத்திருக்கிறது என்பது போன ஆண்டு படி பூஜை நடந்த சனிக்கிழமைதான் தெரிந்தது.

அன்று எனக்கு அரைநாள் வேலை. தம்பி பூஜைக்காக லீவு போட்டுவிட்டு, மற்ற சாமிகளோடு விடியும் முன்பே தாதர் பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். நான் தனியாக ஓட்டிப் போய், மதியம் திரும்பி, பந்தலுக்கு வெளியே பெண்களோடு உட்கார்ந்து அன்னதானத்துக்குக் காய் நறுக்கினேன். ஒரு முழுப் பூசணிக்காய் என் பங்கு. நறுக்கிய தாம்பாளத்தை உள்ளே கொண்டுபோக யாரும் வரவில்லை. பீன்ஸ் போனது, முருங்கைக்காய் போனது. என் தாம்பாளத்தில் ஈ உட்கார்ந்தது.

எதிர்வீட்டு அத்தைதான் கடைசியில் கேட்டாள். “ஏட்டி, காலையில நீ தனியாத்தான வண்டியில போன?”

“ஆமா அத்தை.”

“பொறவு எப்படிப் பூசணிக்காயில கைய வச்ச?”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் விவாதம் என்னை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கியது.

“போன தடவ சாமி நடந்து போயி இன்னும் மாசம் ஆகலியே,” என்றாள் ஒருத்தி.

“அதெல்லாம் ரெண்டு நாள் முன்னப் பின்ன வரும். வண்டி ஓட்டுத உடம்பு, சூடு இருக்கும்லா.”

“சூடுன்னா சீக்கிரம் வருமா, தள்ளிப் போகுமா?”

“இவளையே கேளு, படிச்ச புள்ளதான?”

சிரிப்பு எழுந்தது. பகைமை அதில் இல்லை. தண்ணீர் வரும் நேரத்தையோ தக்காளி விலையையோ பேசுவது போலத்தான் பேசினார்கள். அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

அம்மா என் முழங்கையை இடித்தாள். “இல்லன்னு சொல்லேன்ட்டி. வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்திரும்?”

சொல்லியிருக்கலாம். ‘இல்லை’ என்பதுதான் உண்மை, அந்த ஒரே சொல்லில் பூசணிக்காய் அடுப்புக்குப் போயிருக்கும். ஆனால் இன்று நான் ‘இல்லை’ என்று சொன்னால், சொல்லாமல் இருக்கும் அடுத்த நாள் ‘ஆமாம்’ என்றாகிவிடும். கேட்கும் உரிமையை நானே எழுதிக் கொடுத்ததாகும். சொல்லாவிட்டாலோ, நூறு பேருக்கான சாம்பாரின் காய் குப்பைக்குப் போகும். அம்மா நாளை இதே பெண்களோடு குழாயடியில் நிற்க வேண்டும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தேன். “காய் நல்ல காய். வேணும்னா சமைங்க, வேண்டாம்னா விடுங்க,” என்று மட்டும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து, மார்க்கெட்டிலேயே உட்கார்ந்து கட்டி முடித்த பூமாலைக் கூடைகளோடு டெம்போ வந்து நின்றது. தம்பி குதித்து இறங்கினான். அத்தை அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். சந்தனத்துக்குக் கீழே அவன் முகம் கன்றிப்போனது.

“நான் லீவு அத்தை. பூ வாங்கப் போயிட்டேன். அதான் அக்கா தனியாப் போனா. வேற ஒண்ணும் கிடையாது.”

“அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான! சாமியே சொன்ன பொறவு என்ன, தூக்குட்டி தாம்பாளத்த.”

பூசணிக்காய் உள்ளே போனது. எல்லோருக்கும் நிம்மதி. இரவு சாம்பார் நன்றாக இருந்ததாகவும் சொன்னார்கள். என் சொந்த உடம்புக்கு என் மௌனம் சாட்சியாகப் போதவில்லை, அவனுடைய லீவு போதுமானதாக இருந்தது என்ற எண்ணத்தில் நான் அந்தச் சாம்பாரைத் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை, தம்பி வழக்கம்போல வெறுங்காலோடு வந்து ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான்.

“சாமி, ஒரு நிமிஷம்,” என்றேன். “இனி எல்லா நாளும் ஏறுங்க. இல்லன்னா, மாலையக் கழட்டுற வரைக்கும் ஒரு நாளும் ஏறாதீங்க. நடுவுல ஒண்ணும் கிடையாது.”

“அக்கா, அன்னைக்கு உனக்காகத்தான பேசினேன்?”

“பேசினீங்க சாமி. நீங்க பேசினாத்தான் என் பேச்சு செல்லும்னு ஆயிட்டுதே, அதான் கஷ்டம்.”

தெருவைப் பார்த்தான். எதிர்வாசலில் அத்தை வாளியை வைத்துவிட்டு நின்றிருந்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது அவன் குரல் தாழ்ந்ததில் தெரிந்தது.

“எல்லா நாளும் என்னால முடியாதுக்கா. மனசு ஒப்பாது.”

“அப்ப பஸ்.”

“செருப்பு இல்லாம பஸ்ல ஏறிப் பாத்திருக்கியா? ஷூ போட்டவன் பூரா என் கால் மேலதான் நிப்பான்.”

“தெரியும்.”

“மலையில கல்லும் முள்ளும்னு சொல்வாங்க. வீட்டுலயே வச்சிருக்கான் பகவான்,” என்று முணுமுணுத்தபடி ஹெல்மெட்டை என் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துவிட்டு நடந்தான்.

அன்று மாலை அவன் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. அம்மா என்னிடம் பேசவில்லை. மறுநாள் பாலத்தின் மேல் குளிர்காற்று முகத்தில் அடித்தபோது, என் முதுகுக்குப் பின்னால் இருந்து அவன் கத்திச் சொல்லிக்கொண்டே வரும் வழக்கமான கதைகள் இல்லாமல் சாலை நீண்டுவிட்டது போலிருந்தது. வண்டியைத் திருப்பி அவனை ஏற்றிக்கொள்ளலாமா என்று ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் தோன்றியது. திருப்பவில்லை.

இந்த ஆண்டும் கார்த்திகை முதல் தேதி தம்பி மாலை போட்டான். அன்றிலிருந்து பஸ்ஸில்தான் போகிறான். நான் எல்லா நாளும் தனியாகவே வண்டி ஓட்டுகிறேன். எது எந்த நாள் என்று சந்துக்கு இப்போது தெரிவதில்லை.