மாத்தளை ரோட்டில் உட்கார்ந்திருந்தவள்

நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். நானும் நம்புகிற ஆள் இல்லை. எங்கள் தோட்டத்தில் கோடாங்கி உடுக்கடித்தால் நான் எழுந்து போய்விடுவேன், பெண்டாட்டி தாயத்துக் கட்டினால் அறுத்து எறிவேன், அப்படிப்பட்ட வாய்க்கொழுப்பு எனக்கு. இந்தக் கதையை நான் இத்தனை காலம் யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் பயம் இல்லை. வெட்கம்.

முப்பதுகளின் தொடக்கம். என் அப்பா பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் கட்டிக் கொண்டுவந்த காசில்தான் எனக்குக் கண்டி டவுனில் மளிகைக்கடை, அம்பிட்டியவில் வீடு, பிறகு பழசாக வாங்கிய ஒரு மோட்டார் கார் எல்லாம். ஆனால் டவுனில் என்னை யாராவது கங்காணி மகன் என்றால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலாளி என்று கூப்பிட வேண்டும். அதற்காகவே கோட்டுப் போட்டுக்கொண்டு அலைந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்பாவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. சாவதற்கு முன்னால் கம்பத்தைப் பார்க்கவேண்டும் என்றார். மதுரைக்கு மேற்கே, மலைக்கு அடியில் இருக்கிற எங்கள் சொந்த ஊர். அங்கே பூசைக்கு வைன் எடுப்பதற்காக எப்போதோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் நட்ட கொடியிலிருந்துதான் ஊரெல்லாம் திராட்சைத் தோட்டம் ஆனது என்று சொல்வார்கள். ரயிலில் போகலாம்தான். எனக்கோ சொந்தக் காரில் போய் ஊரில் இறங்கவேண்டும் என்று ஆசை. தலைமன்னாரில் காரைக் கப்பலில் ஏற்றி அக்கரையில் இறக்கி, மதுரை, கம்பம், அப்படியே குமுளி மலை ஏறித் திருவாங்கூர் எல்லைவரை போய்வருவது என்று திட்டம். என் கூட்டாளி ராசிக், வயதில் மூத்த முஸ்லிம் என்பதால் எனக்கு ராசிக் நானா, கண்டியில் கராஜ் வைத்திருந்தவர், தானும் வருகிறேன் என்றார். மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு இரண்டு பேரும் மாதக்கணக்கில் பேசினோம்.

"வைன் தோட்டத்துக்கா என்னக் கூட்டிப் போறீங்க? ஊட்டுல தெரிஞ்சா என்ட கத முடிஞ்சிரும்" என்பார் நானா.

"பழந்தான் நானா. திங்கிறதுக்குத் தடை இல்லையே" என்பேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அப்பா ஒன்றே ஒன்றுக்கு மட்டும் முரண்டு பிடித்தார். "மாத்தளை, நாலந்தை வழி வேணாம்பா. குருநாகல் சுத்தித் தம்புள்ளைக்குப் போயிரு."

அந்தச் சுற்று எதற்கு என்று கேட்டால் பேச்சை மாற்றினார். வயசானவர் பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். விட்டேன் என்றா சொன்னேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மலை ஏறுகிற பயணம் அல்லவா, காரைச் சோதிக்கவேண்டும் என்றார் நானா. பின் சீட்டில் கடையிலிருந்து அரிசி மூட்டைகளை ஏற்றினோம், ஆளும் சாமானும் ஏறினால் ஸ்பிரிங் தாங்குமா பார்க்க. நானும் நானாவும் முன்னால். காலையில் புறப்பட்டு மாத்தளை தாண்டி நாலந்தைப் பக்கம் போகும்போது நல்ல உச்சி வெயில். எஞ்சின் கொதித்து ஆவி வந்தது. ரோட்டோரத்தில் பெரிய மரத்து நிழலில் நிறுத்தினோம். நானா டின்னை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடைப் பக்கம் இறங்கிப் போனார்.

அந்த மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் நிறுத்தும்போது இருந்தாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இருபது வயது இருக்கும். கண்டாங்கிச் சேலை, பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. ஏதோ தோட்டத்து ஆள் என்று நினைத்தேன். பேய் என்றால் வெள்ளைச் சேலை, விரித்த தலை என்பார்களே, அதெல்லாம் சும்மா. உதடு மட்டும் வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"கங்காணி ஐயா, காய்ச்சல் விட்டுருச்சுங்க. இப்ப வரலாங்களா?"

எனக்கு எரிந்துகொண்டு வந்தது. அவள் கேட்டதால் இல்லை, கங்காணி என்றதால். கோட்டுப் போட்டிருக்கிறேன், சொந்தக் கார் நிற்கிறது, இந்த நடுக்காட்டிலும் கங்காணியா என்று.

"நான் கங்காணி இல்ல. வண்டியில எடம் இல்ல, போ."

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான். கெஞ்சவில்லை, முனகவில்லை. பழையபடி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். அந்தச் "சரிங்க" எனக்கு இன்றும் காதில் நிற்கிறது. நம்பினால் நம்புங்கள், பின்னால் இருந்தது அத்தனையும் அரிசி, அதில் ஒரு மூட்டையை இறக்கி முன்னால் வைத்திருந்தால் அவள் உட்கார இடம் வந்திருக்கும்.

நானா தண்ணீரோடு மேலே வந்தார். "ஆரோட கதைச்சீங்க?"

நான் மரத்தைக் காட்டினேன். அங்கே யாரும் இல்லை, சிரட்டையும் இல்லை. ரோடு இரண்டு பக்கமும் நேராகக் கிடந்தது. அவ்வளவு சீக்கிரம் எங்கே போய்விட முடியும்? நானா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வெயில் ஏறிவிட்டது என்று சொல்லி, தானே வண்டியைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன், "ஒரு பைத்தியக்காரி என்னையப் போயி கங்காணி ஐயான்னு கூப்புடுறாப்பா. காய்ச்சல் விட்டுருச்சாம், வரலாமாங்குறா." நான் அவளுக்குச் சொன்ன பதிலை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை, ஏன் என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

அப்பா உட்கார்ந்திருந்த கதிரையின் கையைப் பிடித்தார். "ஒதடு வெடிச்சிருந்துச்சா?" என்றார்.

பிறகுதான் சொன்னார். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாகக் கால்நடையாகவே மாத்தளைக்கு ஆள் கொண்டுவந்த காலம். வெள்ளையம்மா என்று ஒரு பெண், எங்கள் ஊர்க்காரி. நாலந்தையில் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். "தொரை கெடு வெச்சிருந்தான். ஒருத்திக்காக அத்தனை பேரும் நிக்க முடியுமா? ஒரு செரட்டையில தண்ணி வெச்சேன். காய்ச்சல் விட்டதும் வரலாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்ப எனக்கு ஒன்னோட வயசுதான், ஒன்னோட மூஞ்சிதான்."

"திரும்பிப் போய்ப் பாத்தீங்களா?"

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது நீங்கள் நினைப்பீர்கள், மறுநாளே அந்த இடத்துக்குப் போய் ஒரு சூடமாவது கொளுத்தியிருப்பார்கள் என்று. எங்களுக்கு அந்த யோக்கியதை இருந்திருந்தால் நான் ஏன் வெட்கப்படுகிறேன்? குருநாகல் சுற்றித்தான் போனோம். நானா காரணம் கேட்டபோது, மாத்தளை ரோட்டில் பாலம் உடைந்திருக்கிறது என்று பொய் சொன்னேன். பின் சீட்டில் அப்பா போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

கப்பல், மணல், ராமநாதபுரத்துப் புழுதி எல்லாம் கடந்து கம்பம் போய்ச் சேர்ந்தோம். ஊரே காரைச் சுற்றி நின்று பார்த்தது. நான் ஆசைப்பட்டது அதுதான், ஆனால் கோட்டை எடுத்துப் போட மனம் வரவில்லை. மறுநாள் காலையில் சொந்தக்காரர் ஒருவர் தன் திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். பந்தலடியில் அப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்து, ஒரு தட்டுப் பழம் கொடுத்தார்கள். எதிரே மேற்கு மலை முழுதும் தெரிந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்பா முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

கொஞ்ச தூரத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி கையில் கத்தியோடு வந்து நின்றாள். "என்னையத் தெரியுதாங்க? வெள்ளையம்மா தங்கச்சி. ஒங்ககூட கண்டிக்கு வந்தாளே, அவ நல்லாருக்காளா?"

நானாவுக்கு ஒன்றும் தெரியாது, பழம் தின்றுகொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்பா உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன், அதற்காகத்தான் சாமி இவரை இவ்வளவு தூரம் கூட்டிவந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன். சாமியே இல்லை என்ற ஆள் நான்.

"நல்லாருக்கா தாயி" என்றார் அப்பா. "பேரன் பேத்தி எடுத்துட்டா."

கிழவி கோபப்படவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினாள். "முந்தாநேத்து உச்சி வெயில்ல இங்கதான் வந்து ஒக்காந்திருந்தா. நீங்க வருவீங்க, இப்பிடித்தான் சொல்லுவீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா."

அப்பாவின் கையிலிருந்த பழம் விழுந்தது. அதன்பிறகு அவர் யாரோடும் அதிகம் பேசவில்லை, அந்த வருஷமே அந்த ஊரிலேயே கண்ணை மூடினார். கிழவிக்குப் புத்தி பிசகியிருக்கும், நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள், நானும் அந்த நிமிஷம் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன்.

ஆனால் கிழவி போகவில்லை. என் பக்கம் திரும்பி, என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"எடம் இல்லன்னு சொன்னது இந்தத் தம்பிதானா?"

மரத்தடியில் நான் சொன்ன அந்த வார்த்தையை அப்பாவிடமும் சொல்லவில்லை, நானாவிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் என் தலை ஆமாம் என்று ஆடியது.