மதகடிக் கழனி

உத்திரமேரூர் வட்டார அலுவலகத்தில் நான் கிராம சேவிகாவாக இருந்த காலம். புகையில்லா அடுப்பு போட்டுக் காட்டுவதும், பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுப்பதும்தான் என் வேலை. செங்கல்பட்டில் மிஷன் பள்ளியில் படித்ததால் நாலு வார்த்தை இங்கிலீஷ் வரும். அந்தப் பாவத்துக்கு, ஜப்பானிலிருந்து நெல் நடவு சொல்லித்தர ஒருவர் வந்தபோது, "நீயும் ஜீப்பில் ஏறும்மா" என்று சொல்லிவிட்டார் அதிகாரி.

ஜப்பான்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அவரும் விவசாயிதான். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துத்தான் நிற்கும். கயிறு பிடித்து, வரிசையாக, இடைவெளி விட்டு, ஒன்றிரண்டு நாற்றாக நட வேண்டும் என்பது அவர் முறை. எங்கள் பக்கத்துப் பெண்களோ கொத்தாகப் பிடித்துக் கைபோன போக்கில் நடுவார்கள். "இவ்ளோ எடம் வுட்டா நடுவுல மாடு படுத்துக்கும்" என்று கேலி பேசாத ஆள் இல்லை. எனக்கோ, பாஷை தெரியாத இந்த மனிதர் எதை வைத்து எதைப் புரிந்துகொள்கிறார் என்று பார்ப்பதில்தான் ஆசை. பேசுகிறவர்களை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நட்டுக் காட்டுவதற்கு அதிகாரி தேர்ந்தெடுத்தது ஏரி மதகை ஒட்டிய கழனி. ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரியுமாம், அதற்காக! அது புருஷனை இழந்த ஒரு அம்மாவுடையது. தானே நின்று பயிர் வைக்கிறவர். அதைத் தவிர வேறு நிலம் கிடையாது. அதில் விளைவதுதான் அவருக்கும் பிள்ளைகளுக்கும் வருஷச் சோறு. புது முறை பொய்த்தால் அடுப்பில் பூனை தூங்கும். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒரு பெண் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

வரப்பு ஓரத்துப் பூவரச மரத்தடியில் எங்களை உட்கார வைத்தார் அந்த அம்மா. மோர் வந்தது. "முழுக் கழனியையும் இந்தப் போகத்துக்கு இவர் சொல்கிறபடி நட விடுவீர்களா?" என்று கேட்டேன்.

"ஆவட்டும் பொண்ணே. அதுக்கின்னா, பாக்கலாம். மொதல்ல மோரக் குடிங்க" என்றார். அடுத்த சொம்பு வந்தது. "அந்த அய்யாவுக்கு எத்தினி பசங்க? அவுங்க ஊர்ல மழ பேயுதா?" எல்லாவற்றையும் கேட்டார், கழனியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. எங்களை வரப்பைத் தாண்டி இறங்கவும் அழைக்கவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் வீடு தேடி வந்து கேட்கிறவர்களிடம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அரிசிப் பானை காலியானால்கூட 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். இல்லை என்று சொன்னால் வீட்டுக்கு ஆகாது.

அதிகாரிக்கு அதெல்லாம் எங்கே! "சம்மதம்னுட்டாங்க. நாளைக்கே நடவு" என்று எழுந்துவிட்டார்.

ஜப்பான்காரர் எழவில்லை. "இந்த அம்மாவுக்கு விருப்பமில்லை" என்றார் இங்கிலீஷில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வார்த்தை தமிழ் தெரியாதே இவருக்கு! "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "என் அம்மாவும் இப்படித்தான் உபசரிப்பார்" என்றார்.

அதிகாரி சிரித்தார். நேரே அந்த அம்மாவிடம் திரும்பி, "ஏம்மா, உனக்கு இஷ்டமா, இல்லையா?" என்று கேட்டுவிட்டார். பாவி மனுஷன்! அப்படிக் கேட்டால் யார்தான் என்ன சொல்ல முடியும்?

"அய்யய்யோ, நான் எங்க சார் மாட்டேன்னு சொன்னேன்? கவுர்மெண்ட்டே வந்து நிக்கிது" என்றார் அந்த அம்மா. முகம் செத்துப்போயிருந்தது.

அப்போதுதான் ஜப்பான்காரர் எழுந்தார். வரப்பில் குனிந்து ஒரு பிடி சேற்றை அள்ளினார், விரலால் நசுக்கினார், உதட்டைப் பிதுக்கினார். "இந்த மண் சரியில்லை. வேறு நிலம் பார்ப்போம்." சுத்தப் பொய்! அந்த அம்மா மறுத்ததாக இல்லாமல் தாம் வேண்டாம் என்றதாக முடித்துவிடப் பார்க்கிறார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவசர அவசரமாகத் தமிழில் சொன்னேன்.

"இன்னாது? என் மண்ணு சரியில்லியா?" அந்த அம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். "மதகு தொறந்தா மொதல் தண்ணி பாயற கழனி இது! யாரப் பாத்து இன்னா பேச்சு பேசறாரு? எத்தினி வருசமா கஞ்சி ஊத்திக்கினு கீது இந்த மண்ணு, தெரியுமா?"

ஜப்பான்காரர் வெலவெலத்துப் போனார். "அவர் விரும்பியதைத்தானே செய்தேன், ஏன் கோபம்?" என்றார் என்னிடம். "இங்கே பெற்ற பிள்ளையைக் குறை சொன்னாலும் பொறுப்பார்கள், கழனியைச் சொன்னால் பொறுக்கமாட்டார்கள்" என்றேன். அவ்வளவுதான், அந்த அம்மாவுக்கு எதிரே போய் நின்று இடுப்பு வரை குனிந்துவிட்டார். நிமிரவேயில்லை.

"ஏம்மா, இவரு ஏன் இப்பிடி ஒடியறாரு? எழுந்திருக்கச் சொல்லு, எனக்குக் கூச்சமா கீது."

அதிகாரி முறைத்தாலும் முறைக்கட்டும் என்று நான் உடைத்தே சொல்லிவிட்டேன். "உங்களுக்கு மனசில்லைன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. நீங்க மாட்டிக்கக் கூடாதுன்னுதான் மண்ணு மேல பழியப் போட்டாரு."

அந்த அம்மா ஜப்பான்காரரை நிமிரச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு முதல் தடவையாக வரப்பிலிருந்து கழனிக்குள் இறங்கினார். மதகுப் பக்கத்து மூலையில் போய் நின்று, "இந்த மூலய எடுத்துக்கச் சொல்லு. இது பொய்ச்சுப் போனாலும் எங்களுக்குச் சோறு கீது" என்றார்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று அதிகாரி கத்தினார்.

"நீங்க மூலயவா சார் கேட்டீங்க? முழுசையும் இல்ல கேட்டீங்க! வூடு தேடி வந்தவங்க கிட்ட இல்லன்னு எப்பிடி சொல்றது?"

ஜப்பான்காரருக்கு நான் அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் அவர் தலையசைத்துவிட்டார். அதிகாரிக்குத்தான், தமிழிலேயே, நான் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.